பதினேழாம் பை

எப்ரோ ஆற்றங்கரையில் அக்டோபர்.
அறுவடை எந்திரம் போய்விட்டது.
நசுங்கிய தக்காளிகளில் ஈ மொய்க்கிறது.
மண்வெட்டியோடு நான் குனிந்திருக்கிறேன்.
நெகானே குச்சிகளை எண்ணியபடி வருகிறாள்:
பதினைந்து, பதினாறு, இதோ.
மெதுவாக, லஹ்சன், மெதுவாக.

போன வருஷம் இதே கையால் புதைத்தேன்.
உள்ளங்கை அகலத்தில் நைலான் வலைப்பை,
உள்ளே கருப்பு மூடாக்குத் தாளில் ஒரு துண்டு.
சோளமாவும் வேறெதுவோ கலந்து செய்ததாம்.
மண்ணே தின்றுவிடுமாம்.
என் மண் இதுவரை தின்றது காசை மட்டும்தான் என்று
ஃபெர்மீன் அன்று டிராக்டரில் இருந்தபடி சிரித்தான்.

பழைய பாலித்தீனை யாரும் தின்றதில்லை.
எனக்குத் தெரியும்,
பன்னிரண்டு செப்டம்பர் அதை உரித்தவன் நான்.
வரிசையின் தலைப்பில் பிடித்து இழுத்தால்
பாதியில் கிழியும்.
மீதியை விரலால் தோண்ட வேண்டும்.
நகக்கண்ணில் கருப்பு. தும்மினால் கருப்பு.
வடமேற்குக் காற்று வீசும் நாளில்
சிக்கிய துண்டுகள் வேலி முழுக்கப் படபடக்கும்,
காக்கைகளைக் கட்டிப்போட்டது மாதிரி.
பதினொரு நாள் வேலை.
பதினொரு நாள் கூலி:
தின்ஹீரில் என் தங்கை வீட்டுக் கூரையில்
அது சிமெண்டாக இருக்கிறது.

இப்போது அந்தப் பதினொரு நாளும் உங்களுக்கு.

ஆம், உங்களிடம்தான் பேசுகிறேன்,
பெயர் தெரியாதவர்களே.
ஒருநாள் நெகானே கண்ணாடிக் குழாயில் காட்டினாள்.
தாளின் மேல் அம்மைத் தழும்புகள்,
ஒவ்வொரு தழும்பிலும் நீங்கள்,
வழவழப்பான ஒரு கசிவுக்குள்
நெருக்கியடித்துப் படுத்திருந்தீர்கள்,
அறுவடைக் காலத்தில் எங்கள் கொட்டகை போல.
வாயில்லை, பல்லில்லை.
எச்சிலை முதலில் வெளியே விட்டு
கரைந்ததை அப்புறம் உறிஞ்சுவீர்களாம்.
இலையின் மேல் மெழுகு இருக்கிறதே,
அதைக் கரைக்கப் பழகிய எச்சில்.
தாளை இலையென்று நினைத்துவிட்டீர்களா?
நினைப்பெல்லாம் எங்களுக்குத்தான்.
உங்களுக்குச் சாவி பூட்டில் பொருந்தியது,
அவ்வளவே.

பதினேழாம் பை காலி.

நெகானே மண்டியிட்டாள்.
வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.
ஒரு பொட்டுக் கருப்பு இல்லை.
பாஸ்க் மொழியில் என்னவோ கத்தி
என் தோளில் ஓங்கி அடித்தாள்.
எனக்கும் சிரிப்பு வந்தது, ஏனென்று தெரியாமல்.
பிறகு பையை வாங்கித் திருப்பினேன்.
கீழ் மூலையில் தையல் பிரிந்து
விரல் நுழையும் ஓட்டை.
நான் தைத்த மூலை.

எழுதியதை அவள் அடித்தாள்.
திட்டவில்லை.
காணாமல் போவது வேறு, லஹ்சன்,
தின்னப்படுவது வேறு.
மூச்சு வந்தால்தான் கணக்கு.

அவள் அறையில் ஐம்பது ஜாடிகள்,
மண்ணும் தாளும் போட்டு மூடியவை.
நீங்கள் விடும் மூச்சு
உள்ளே ஒரு கிண்ணத்துக் காரநீரில் கரையும்;
அதைச் சொட்டுச் சொட்டாக அளப்பாள்.
குளிர்ப்பெட்டியில் இருக்கும் ஜாடிகள்
மூச்சுவிட மறந்தவை போல இருக்கும்.
நான் உரித்த வருஷங்களில் யாரும்
என் மூச்சை அளந்ததில்லை.
இதைப் பொறாமை என்று சொல்லாதீர்கள்.
சொன்னாலும் சொல்லுங்கள்.

குழியை மூடப்போனேன்.
அடியில் எதுவோ மின்னியது.
இழுத்தேன்: ஒரு முழம் பழைய பாலித்தீன்,
என் மூன்றாவது செப்டம்பரோ, நான்காவதோ.
கிழிந்த இடத்தில் அதே கிழிசல்.
கழுவினால் புதிது.
ஓராண்டு உங்கள் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது,
நீங்கள் திரும்பியும் பார்க்கவில்லை.

மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

தோண்டும் வேலைக்கு நெகானே இரண்டு நாள் கூலி தருகிறாள்.
மீதி ஒன்பது நாளை உங்களிடம் கேட்க முடியாது.
ஃபெர்மீனிடம் கேட்கலாம்.
கேட்டிருக்கிறேன்.

பதினேழாம் பையில் புதுத் துண்டு போட்டு,
இம்முறை இரட்டைத் தையல்,
அதே குழியில் இறக்கினேன்.
வரப்பில் டிராக்டர் உறுமுகிறது.
முடிந்ததா என்று கத்துகிறான் ஃபெர்மீன்,
அவனுக்குக் கோதுமை விதைக்க வேண்டும்.

இல்லை.
இன்னும் ஏழு பை.